அப்பாவின் வீராவும் மூன்று பட்டறைகளும்

மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன். அதில் நாலைந்து நாள் கார் பட்டறைகளில் கழிந்தது. அத்தை வீட்டு விசேஷம், தண்ணீர்மலைக் கோயில், நாசி கண்டார் சோறு எல்லாம் மிச்ச நாட்களில்.

அப்பாவிடம் இருப்பது 1996-இல் வாங்கிய புரோட்டோன் வீரா 1.5 கார். விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தால் அவருக்குக் காது கேட்காது. நான் வந்த மறுநாள் சாயங்காலம் கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவுக்குப் போகப் பாலம் ஏறினோம். நடுவில் ஜேம், வண்டிகள் நகரவே இல்லை. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது, ஏர்கோண்ட் (ஏசி) காற்றிலும் குளிர் இல்லை. அப்பா பதறவே இல்லை. ஏர்கோண்டை அடைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "ரெண்டு மாசமா இப்படித்தான். ஓட ஆரம்பிச்சா இறங்கிடும்." ஜேம் விட்டதும் முள் நிஜமாகவே இறங்கியது. வியாதி என்ன என்பதை அப்பா அப்போதே சொல்லிவிட்டார். எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

முன்பென்றால் ஃபெரியில் போயிருப்போம். எஞ்சினை அடைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். 2021-லிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. பர்மிங்காமிலிருந்து என் வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப்பில் யோசனை சொன்னார்: "ஹீட்டரை முழுசாப் போடு, எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கும்." யோசனை சரிதான். ஆனால் அப்பாவின் காரில் ஹீட்டரே கிடையாது. பினாங்கில் அது எதற்கு?

முதல் பட்டறை தீவில். பெயர் வேண்டாம். கண்ணாடி அறை, சோபா, காப்பி இயந்திரம், எல்லாம் ஜோர். பையன் ஒருவன் எஞ்சினையும் ஏர்கோண்டையும் போட்டு பானெட்டைத் திறந்து பார்த்தான். "ஃபேன் ஓடுது. அப்போ ஹெட் கேஸ்கெட்டுதான் போயிருக்கு." எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. மேல் எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய 1,800 வெள்ளி (ரிங்கிட்). எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியை அவன் தொடக்கூட இல்லை. கேள்வி கேட்டது நான், பதில் போனதெல்லாம் அப்பாவுக்கு. இது எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் எரிச்சல்.

இரண்டாவது பட்டறை பிறை என்ற ஊரில். நல்ல மனிதர்கள். பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் பச்சைக் கூலண்ட் ஊற்றி 150 வெள்ளி வாங்கினார்கள். அடுத்த ஜேமில் முள் பழையபடி ஏறியது.

மூன்றாவது பாகான் டாலாமில், அப்பாவின் பழைய கூட்டாளி சொல்லி அனுப்பிய இடம். ஜிங்க் கூரை, பெயர்ப்பலகை இல்லை, டயர் மேல் ஒரு பூனை. அங்கிளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்டார்: "எப்பண்ணே ஏறுது? நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

இரண்டு பட்டறையிலும் இதை யாரும் கேட்கவில்லை. நான் முந்திக்கொண்டு சொன்னேன், ஜேமில் ஏறுகிறது, ஹைவேயில் இறங்குகிறது என்று. என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "அப்ப தண்ணி ஓட்டம் சரிதாம்மா, காத்துதான் பத்தல. கார் ஓடுறப்ப காத்து தானா அடிக்கும். நிக்கிறப்ப ஃபேன்தான் இழுக்கணும். ஹைவேல ஏறுச்சுன்னா அது வேற கதை, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்புன்னு போகும்."

ஆனாலும் ஊகத்தோடு விடவில்லை. எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறியதும் எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். கேஸ்கெட் போய் எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் நுரை ஒட்டியிருக்குமாம். சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் மூடி இல்லாமலே எஞ்சினை ஓடவிட்டார். தொடர்ந்து குமிழி வந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை. 1,800 வெள்ளி அங்கேயே மிச்சம்.

பிறகுதான் வேடிக்கை. வீராவில் இரண்டு ஃபேன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று ஏர்கோண்டின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு. தீவில் அந்தப் பையன் பார்த்தது ஏர்கோண்ட் ஃபேனை. அங்கிள் ஏர்கோண்டைப் போடாமல் எஞ்சின் சூடேறும்வரை நின்றார். ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை. பாட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார். அப்போதும் இல்லை. நீள ஸ்குருடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார், முனகிக்கொண்டு சுற்றி, நின்றுவிட்டது. "ரிலே, சென்சார் எதுவும் இல்ல. மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் கட்டை தேஞ்சிருச்சு."

ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் கல்லாகியிருந்தது. அந்த மூடிதான் தண்ணீரை அழுத்திப் பிடித்திருக்கிறது. மூடியில் 0.9 என்று போட்டிருக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 வரை தாங்கும். ரப்பர் போனால் அந்தத் தாங்கலும் போயிற்று. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையோ யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். "சூடு நாட்டுக்கு இது எதுக்குன்னு கழட்டி வீசிடுவானுங்க. அது இல்லன்னா எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், தேயும். உங்க பிரச்சினைக்குக் காரணம் அது இல்ல, ஆனா போட்டுடலாம்."

மோட்டார் ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கும் கடை) 80 வெள்ளி, பழசுதான், ஆனால் ஜப்பான் சாமான். புது மூடி, தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து 230. ரசீது என்று கேட்டதற்குச் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஆனால் தூணில் கைபேசியில் காசு கட்டும் டுயிட்நவ் கியூஆர் அட்டை தொங்கியது! என் இங்கிலாந்து பேங்க் கணக்கில் அது வேலை செய்யாது. அப்பாதான் காசாகக் கொடுத்தார், வழியெல்லாம் அதைச் சொல்லியும் காட்டினார்.

அடுத்த வெள்ளி சாயங்காலம் வேண்டுமென்றே அதே நேரத்தில் பாலம் ஏறினோம். ஏர்கோண்ட் முழுசாக. ஜேமில் இருபது நிமிஷம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது, ஃபேன் ஓட ஆரம்பிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. சூடு ஏறுவதைச் சும்மா விடக்கூடாது என்று அங்கிள் ஏற்கெனவே சொல்லியிருந்தார், வீரா எஞ்சினின் மேல் பாகம் அலுமினியம், ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும், அப்புறம் அந்த 1,800 உண்மையாகிவிடும் என்று.

ஏர்கோண்ட் ஃபேனும் இப்போது கொஞ்சம் முனகுகிறது. அப்பா ஹாஃப்கட் கடையில் இன்னொரு மோட்டாருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.