டியூபுலரா, கிளிஞ்சரா?

சைக்கிள் கடையில் டயரை நெம்பி எடுத்து, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, அது கிளிஞ்சர். டயரின் ஓரம் ரிம்மின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். டியூப் தனியாக உள்ளே இருக்கும். டியூபுலரில் டியூபை உள்ளே வைத்து டயரையே குழாயாகத் தைத்து, ரிம்மில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள்.

ஒட்டுவதுதான் பெரிய பாடு. ரிம்மிலும் டயரின் அடித்துணியிலும் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, டயரை இழுத்து ஏற்றி, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். நான் முதன்முதலில் ஒட்டியபோது ரிம்மைவிட என் கையில்தான் பசை அதிகம். ஒட்டு விட்டுப்போனால் விளையாட்டில்லை. 2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், காப் நகருக்கு இறங்கும் பாதையில், வெயிலில் இளகிய தாரில் ஸ்பெயின் வீரர் ஹோசேபா பெலோகியின் பின்சக்கரம் வழுக்கியது; டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன.

பிறகு ஏன் பந்தயக்காரர்கள் இத்தனை காலம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்? கொக்கி விளிம்பு தேவையில்லாததால் ரிம் எடை குறைவு. பஞ்சரானாலும் டயர் பொதுவாக ரிம்மிலேயே ஒட்டியிருக்கும். அணியின் கார் வந்து சேரும்வரை உருட்டிக்கொண்டு போகலாம். காற்றுப்போன கிளிஞ்சரில் அதை நம்ப முடியாது.

வேகத்தில் டியூபுலரே உசத்தி என்ற பழைய நம்பிக்கை மட்டும் நிற்கவில்லை. பசைப் படலமே நெளிந்து கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) டியூப் போட்ட நல்ல கிளிஞ்சர் அதற்குச் சளைத்ததல்ல. ஜெர்மனி வீரர் டோனி மார்ட்டின் 2011இல் கோபன்ஹேகனில், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயமான தனிநேர உலகப் பட்டத்தை வென்றது கிளிஞ்சரில்தான்.

பின்னால் கார் வராத நமக்கு? பையில் ஒரு டியூப், இரண்டு நெம்பிகள், ஒரு சின்னப் பம்பு. பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். டியூபுலர் என்றால் முழு டயரையே சுமக்க வேண்டும். பழைய டூர் வீரர்கள் அதைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். வீட்டில் பஞ்சர் பார்க்கவோ தையலைப் பிரித்து, ஒட்டி, மறுபடி தைக்க வேண்டும். எனக்குக் கிளிஞ்சர் போதும்.

தொழில்முறை வீரர்களும் இப்போது பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அதனால் பழைய டியூபுலர் சக்கரங்கள் மலிவாகக் கண்ணில் படும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் காற்றை இறக்கிவிட்டு டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். எங்காவது எழும்பினால், அதில் ஏறி இறக்கத்தில் போகாதீர்கள். பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.