டிஸ்க் நிறைஞ்சா நான் முதல்ல தட்டுறது என்சிடியூ தான்

லினக்ஸ் சர்வர் பாத்துக்கிற எல்லாருக்கும் இது நடந்திருக்கும், சாப்பிட்டு படுக்கப்போற நேரத்துல "அண்ணா சைட் ஓபன் ஆகலண்ணா"ன்னு போன் வரும், உள்ள போய் டிஎஃப் மைனஸ் ஹெச் (டிஸ்க்ல எவ்ளோ இடம் பாக்கின்னு காட்டுற கமாண்ட்) அடிச்சா ரூட் பார்ட்டிஷன் 100%னு நிக்கும். எது இடத்த தின்னுச்சுன்னு தான் தெரியாது. முன்னல்லாம் டியூ மைனஸ் எஸ்ஹெச் ஸ்டார் போட்டு ஒவ்வொரு ஃபோல்டர் சைஸையும் எடுத்து, வரிசைப்படுத்த சார்ட் மைனஸ் ஹெச்சுக்கு பைப் பண்ணி, பெருசா தெரியுற ஃபோல்டருக்குள்ள சிடி பண்ணி, மறுபடி அதையே அடிச்சு, ஒவ்வொரு தடவையும் அது முதல்ல இருந்து எண்ணி முடிக்கிற வரைக்கும் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பேன்.

என்சிடியூ, அதாவது எந்த ஃபோல்டர் எவ்ளோ இடம் பிடிச்சிருக்குன்னு டெர்மினல்லயே காட்டுற டூல், ஒரே தடவை எண்ணிடும். அப்புறம் பெரிய ஃபோல்டர் மேல, சின்னது கீழன்னு வரிசையா காட்டும், ஆரோ கீ, என்டர், அவ்ளோதான். 2007ல இருந்து இருக்கு, இலவசம், ஏப்ட்லயே (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) கிடைக்கும். 2022ல வந்த ரெண்டாவது வெர்ஷன ஸிக் லாங்குவேஜ்ல புதுசா எழுதிட்டாங்க, லட்சக்கணக்குல ஃபைல் இருந்தா மெமரி கம்மியா எடுக்குது, ஆனா உங்க டிஸ்ட்ரோல (லினக்ஸ் வகையில) பழசு தான் இருக்குன்னா அதுவே போதும்.

போன மாசம் நடந்தத சொல்றேன். மைனஸ் எக்ஸ் போட்டு ரூட் ஃபோல்டர்ல, அதாவது ஸ்லாஷ்ல, ஓட்டினேன் (அத போடலன்னா மவுண்ட் பண்ணி வச்சிருக்குற பேக்கப் டிஸ்க்கையும் சேத்து எண்ணிட்டு கிடக்கும்), வார், லிப், டாக்கர், கன்டெய்னர்ஸ்னு நாலு என்டர், உள்ள ஒரே ஒரு ஜேசன் லாக் ஃபைல் 38 ஜிபி. டாக்கர் (ஆப்ப தனித்தனி கன்டெய்னர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) டீஃபால்ட்டா லாகுக்கு சைஸ் லிமிட்டே வைக்காது, டீமன் கான்ஃபிக்ல மேக்ஸ் சைஸ் நாம தான் போடணும், போட்டப்புறமும் புதுசா உருவாக்குற கன்டெய்னருக்கு தான் அது பொருந்தும். நான் போடல. தப்பு என் மேல.

இப்போ குறை. டி கீய தட்டினா டெலீட். கன்ஃபர்ம் கேக்கும் தான், ஆனா அதுலயே "இனிமே கேக்காத"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அத யார் யோசிச்சு வச்சாங்களோ, ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள யூஸரா) உக்காந்துட்டு அவசரத்துல நான் அத செலக்ட் பண்ணி, கர்சர் அடுத்த ஃபோல்டர்ல நிக்கிறத கவனிக்காம இன்னொரு டி தட்டி, ஒரு வாரத்து பேக்கப் போச்சு. மைனஸ் ஆர் போட்டா டெலீட்டே வேலை செய்யாது. சுடோவுக்கு (ரூட் அதிகாரத்தோட ஓட்டுற கமாண்ட்) பின்னாடி நம்ம அலியாஸ் (கமாண்டுக்கு நாம வைக்கிற சுருக்கப்பேரு) எடுபடாதுங்கிறதால யூஸர் லோக்கல் பின்ல டிஸ்க்பாருன்னு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வச்சிட்டேன், முதல் லைன்ல ஷெபாங் (ஸ்கிரிப்ட்ட எது ஓட்டணும்னு சொல்ற லைன்), அடுத்த லைன்ல எக்ஸெக் என்சிடியூ மைனஸ் ஆர் மைனஸ் எக்ஸ் ஸ்லாஷ், அவ்ளோதான். ஆபீஸ்ல பசங்களுக்கும் இத மட்டும் தான் சொல்லிக்குடுத்திருக்கேன்.

இன்னொன்னு, இதுல எல்லாமே தெரியாது. டிஎஃப் 100% காட்டும், என்சிடியூ கூட்டிப்பாத்தா பாதி தான் வரும். யாரோ ஓடிட்டிருக்கிற சர்வீஸோட லாக ஆர்எம் பண்ணி அழிச்சிருப்பாங்க, பேரு போயிடும், ஆனா ப்ராசஸ் ஃபைல பிடிச்சிட்டிருக்கிற வரைக்கும் இடம் திரும்ப வராது. எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 போட்டா எந்த ப்ராசஸ்னு மாட்டிக்கும், சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணுங்க. அடுத்த தடவை ஆர்எம் வேணாம், ட்ரன்கேட் மைனஸ் எஸ் 0 போட்டு ஃபைல காலி மட்டும் பண்ணுங்க. இடம் பாக்கி இருந்தும் "நோ ஸ்பேஸ்"னு அழுதா டிஎஃப் மைனஸ் ஐ பாருங்க, ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணுன்னு இருக்குற பதிவு) தீந்திருக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது எக்ஸ்போர்ட் வசதி. சர்வர்ல எஸ்எஸ்ஹெச் வழியா என்சிடியூவ மைனஸ் ஓ மைனஸ்னு ஓட்டி, வர்றத அப்படியே என் லேப்டாப்ல என்சிடியூ மைனஸ் எஃப் மைனஸுக்கு பைப் பண்ணிடுவேன். நிறைஞ்சு வழியுற டிஸ்க்ல ஒரு பைட் கூட எழுத வேணாம், லைன் கட்டானாலும் லிஸ்ட் என் கையில இருக்கும், பொறுமையா பாக்கலாம். சர்வர்ல என்சிடியூவே இல்ல, இன்ஸ்டால் பண்ணவும் இடமில்லன்னா அவங்க சைட்லயே ஸ்டாட்டிக் பைனரி (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற ஒத்த ஃபைல்) கிடைக்குது, டெவ் எஸ்ஹெச்எம்ல போட்டு ஓட்டிப்பாருங்க, அது ரேம்ல இருக்குற இடம்.

அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, டி கீக்கு.