வானவில் கொடி போட்ட ஆலோசனைச் செயலி: ஒரு திருநம்பியின் விமர்சனம்

இணையவழியில் மனநல ஆலோசனை தரும் செயலி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். முகப்பிலேயே வானவில் கொடி, அதன் கீழே எல்லாப் பாலினத்தவரையும் வரவேற்பதாக ஒரு வரி. செயலியின் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால் இதை எழுதியது யார் என்று அவர்கள் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அதில் எனக்கு அமைந்திருக்கும் ஆலோசகரை இழக்க மனசில்லை. பெயரே சொல்லாத விமர்சனத்தால் என்ன பயன் என்று தோன்றலாம். நான் சோதித்துப் பார்த்த விஷயங்களை நீங்கள் எந்தச் செயலியில் வேண்டுமானாலும் சோதிக்கலாம், அதுதான் பயன்.

நான் திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். பிழைப்புக்கு மென்பொருள் சோதனை. ஒரு படிவத்தைப் பார்த்தால் அதை நேர்வழியில் மட்டும் நிரப்பிவிட்டுப் போக என்னால் முடியாது.

பதிவுப் படிவம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று அடையாள அட்டையில் உள்ள பெயர், இன்னொன்று உங்களை எப்படி அழைக்கலாம் என்பது. பாலினம் கேட்கும் இடத்தில் ஆண், பெண், மற்றவை என்று மூன்றோடு கையைக் கழுவிவிடவில்லை. நாமே எழுதலாம், சொல்ல விருப்பமில்லை என்றும் விடலாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் 'இதை யார் பார்ப்பார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவருக்கு எங்களைப் போன்றவர்களின் பயம் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஒருவர் படிவத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார் போல. நான் கொடுத்த அழைக்கும் பெயர் காணொளித் திரையில் மட்டும்தான் வருகிறது. நினைவூட்டல் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ரசீது எல்லாவற்றிலும் பழைய பெயர்தான். ஒருமுறை நேரம் மாற்றுவதற்காக வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். ஹார்மோன் எடுக்க ஆரம்பித்து வருடங்கள் ஆகின்றன, குரல் நன்றாகவே கட்டையாகிவிட்டது.

"சார், மேடம்கிட்ட போனைக் கொடுங்க."

"நான்தாங்க அது."

"இல்ல சார், கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் பேச முடியும். பாதுகாப்பு விதி."

பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்த திரையில் இரண்டாவது கட்டமே இல்லை. கடைசியில், என் கணக்கை நான் திருடவில்லை என்று நிரூபிக்க, யாரென்றே தெரியாத ஒருவரிடம் என் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. மனசு சரியில்லாத ஒரு நாளில் இதே உரையாடல் நடந்திருந்தால் செயலியைத் தூக்கிவிட்டுப் போயிருப்பேன்.

ரசீது விஷயம் இன்னும் மோசம். என் அலுவலகம் ஆலோசனைக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. அதற்கு ரசீதைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ரசீதில் சேவையின் பெயர் 'பாலின அடையாள ஆலோசனை' என்று அச்சாகி வந்தது. நான் பேசப் போனது தூக்கமின்மை பற்றி! என் சுயவிவரத்தைப் பார்த்து மென்பொருளே அந்தத் தலைப்பைப் போட்டுவிட்டது. அலுவலகத்தில் நான் யாரென்று தெரியும் என்பதால் தப்பித்தேன். இன்னும் வெளியே சொல்லாத ஒருவருக்கு இந்த ஒரு தாள் வேலையையே காவு வாங்கிவிடும். தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்றைக்கும் 60-க்கு மேல் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு இது வேலையோடு நிற்காது. 'ஆலோசனைக் கட்டணம்' என்று இரண்டே சொல் போட்டால் போதும், இதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் கிடையாது.

அவசரத் தொடர்பு எண் கேட்கும் இடத்தை மட்டும் இவர்கள் அருமையாக யோசித்திருக்கிறார்கள். அவரை எந்தச் சூழலில் அழைக்கலாம், அழைத்தால் எந்தப் பெயரில் உங்களைக் குறிப்பிட வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று மூன்றையும் கேட்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஆலோசனைக்கு வருபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சரி, ஆலோசகர்கள். முதலில் ஒதுக்கப்பட்டவர் வணக்கம் சொன்ன கையோடு என்னென்ன அறுவை சிகிச்சை முடிந்தது என்று கேட்டார். அப்புறம் சின்ன வயதில் ஏதாவது நடந்ததா, அப்பாவோடு உறவு எப்படி என்று ஆரம்பித்தார். காரணம் தேடுகிறாராம். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில், எங்களைப் போன்றவர்களின் நிலையையும் மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். இவருக்கு அந்தச் சேதி எதுவும் போய்ச் சேரவில்லை. நல்லவேளை, ஆலோசகரை மாற்றும் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாமவர்தான் இப்போதும் இருப்பவர். "இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார். தூக்கம் என்றால் தூக்கம். நள்ளிரவு வரை இழுக்கும் வேலை, அப்பாவின் உடல்நிலை, படுத்த பிறகும் கையை விட்டு இறங்காத கைபேசி என்று நான் போகும் வழியிலேயே வருவார். திருநம்பி என்பதை நானாக எடுத்தால் பேசுவார், இல்லாவிட்டால் அதைத் தோண்டுவதில்லை. எங்களுக்கும் கடன் தொல்லை, காதல் சண்டை, மேலாளர் தலைவலி எல்லாம் உண்டு என்பதைப் பல ஆலோசகர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே சமயம் தேவைப்படும் இடத்தில் இவருக்கு விஷயம் தெரிகிறது. ஓர் அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் பற்றிக் கேட்டபோது, திருநர் நலனுக்கான உலகத் தொழில்முறைச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஒரு கடிதமே போதும் என்று இருப்பதை அவரே சொன்னார். முந்தைய பதிப்பில் சில சிகிச்சைகளுக்கு இரண்டு பேரிடம் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு சோதனை மட்டும் பாக்கி இருந்தது. பிள்ளையைக் கூட்டி வந்து 'இவனை மாற்றிக் கொடுங்கள்' என்று பெற்றோர் கேட்டால் உங்கள் ஆலோசகர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதிக் கேட்டேன். 'வாடிக்கையாளரின் இலக்கைப் பொறுத்தது' என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றிவிடுவதாகச் சொல்லி, 'மாற்றுச் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பதை உலகம் முழுவதும் தடை செய்ய வேண்டும் என்று இந்த விஷயங்களுக்கான ஐ.நா.வின் சுயேச்சை வல்லுநர் 2020-லேயே கேட்டுக்கொண்டார். மால்டா 2016-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. பணம் கட்டுவது அப்பா என்றால் 'இலக்கு' யாருடையது? மறுபடி எழுதிக் கேட்ட பிறகு, செய்ய மாட்டோம் என்று தெளிவாகப் பதில் வந்தது. ஆனால் கொள்கைப் பக்கத்தில் அதைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட இல்லை. கொடி வரைய இடம் இருந்த முகப்பில் இந்த ஒரு வாக்கியத்துக்கா இடம் இல்லை?

உங்கள் அலுவலகத்துக்கு இப்படி ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஒரு மாதிரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் என்ன அச்சாகிறது, எந்தப் பெயர் வருகிறது, அது யார் மேசைக்குப் போகிறது என்று பாருங்கள். மாற்றுச் சிகிச்சை செய்ய மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களோடு வேலை செய்யும் யாரோ ஒருவர் இதையெல்லாம் கேட்க முடியாத நிலையில் இருப்பார். கேட்டாலே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவருக்கு. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

ஆலோசகருக்கு 5-க்கு 5. செயலிக்கு 2.5, அதிலும் பாதி அந்த அவசரத் தொடர்புப் பக்கத்துக்காக. வெளியே சொல்லிவிட்டவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்னும் சொல்லாதவர்கள் சுயவிவரத்தில் பாலினக் கேள்வியைக் காலியாக விட்டு, அலுவலக மின்னஞ்சலைத் தவிர்த்து, நினைவூட்டல்களை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். ரசீதில் பெயரைத் திருத்தச் சொல்லி நான் கொடுத்த விண்ணப்பம் இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. அது நடந்தால் இங்கே வந்து மதிப்பெண்ணைக் கூட்டிவிடுகிறேன்.