8 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபி கூட வரலையா? விண்டோஸ் 10 32-பிட் பத்தி என் ரிவ்யூ

ஆன்லைன்ல ரேம் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு இத ஒரு தடவ படிங்க, இந்த விஷயத்துல ஜனங்க காசு வீணாப் போறத நான் நிறைய பார்த்துட்டேன். விண்டோஸ் 10-ல 32-பிட்னு ஒரு வெர்ஷன் இருக்கு. பழைய லேப்டாப், ஆபீஸ்ல கழிச்சு விட்ட டெஸ்க்டாப், செகண்ட் ஹேண்ட்ல வாங்குற மெஷின்னு இன்னும் எத்தனையோ எடத்துல அதான் ஓடிட்டு இருக்கு. அதுல 4 ஜிபிக்கு மேல எவ்ளோ ரேம் சொருகினாலும் ஒரு பிரயோஜனமும் கிடையாது, 8 போடுங்க 16 போடுங்க, அது தொடவே தொடாது.

தங்கச்சியோட நாலாவது ஜெனரேஷன் ஐ3 லேப்டாப்லதான் ரெண்டையும் ஓட்டிப் பார்த்தேன். 8 ஜிபி ரேம், சாதா ஹார்ட் டிஸ்க், அதே மெஷின், மொதல்ல 32-பிட், அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு 64-பிட். 32-பிட்ல செட்டிங்ஸ்ல சிஸ்டம் போய் அபவுட் பார்த்தா இன்ஸ்டால்டு ரேம் 8.00 ஜிபின்னு போட்டுட்டு பக்கத்துலயே 2.9 ஜிபி யூசபிள்னு காட்டுது. 5 ஜிபி சும்மா கெடக்கு. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனா ஹார்ட்வேர் ரிசர்வ்டுங்கற எடத்துல அந்த மிச்சம் மொத்தமும் நிக்குது, அதப் பார்த்துட்டு ரேம் போலி, மதர்போர்டு ஸ்லாட் போச்சுன்னு முடிவு பண்ணி ரேமைத் திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க, ரெண்டுமே நல்லாதான் இருக்கும்.

ஓட்டறதுல வித்தியாசம் எப்படின்னா, குரோம்ல பத்து பன்னெண்டு டேப், ஒரு பெரிய எக்செல் ஷீட், பின்னாடி ஒரு ஜூம் கிளாஸ், இவ்ளோதான், 32-பிட்ல மெமரி நெறஞ்சு பேஜ் ஃபைலுக்கு (ரேம் பத்தாதப்போ ஹார்ட் டிஸ்க்ல எடுத்துக்கற எடம்) போயிடுது, டிஸ்க் நூறு பர்சன்ட்ல நிக்குது, மவுஸ் கூட திக்கித் திக்கி நகருது. 64-பிட் போட்டப்புறம் அதே வேலைக்கு பாதி ரேம் ஃப்ரீயா இருக்கு. ஆனா பூட் ஆகற நேரத்துல பெரிய மாற்றம் எதுவும் தெரியல, அது ஹார்ட் டிஸ்க் பிரச்சனை, ரேமுக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி.

சரி, ஏன் இப்படின்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில், 32 பிட்ல எழுதக்கூடிய மொத்த நம்பர் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296, அதாவது 4 ஜிபி, அதுக்கு மேல கணக்குப்படியே முடியாதுங்கறது. இது பாதிதான் உண்மை. மொதல்ல அந்த 4 ஜிபியே ஏன் முழுசா கிடைக்கலன்னு பாப்போம். மெமரியில ஒவ்வொரு பைட்டுக்கும் தெருவுல வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி ஒரு அட்ரஸ் வேணும், ஆனா நம்பர் ரேமுக்கு மட்டும் போதாது, கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் (மெஷின ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற மதர்போர்டு ப்ரோகிராம்) எல்லாத்துக்கும் அதே வரிசையிலதான் நம்பர் ஒதுக்கணும், அதுங்க அந்த 4 ஜிபி வரிசையோட கடைசிப் பக்க நம்பர்களப் புடிச்சுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு பெருசா இருந்தா இன்னும் நிறைய போகும். அதனாலதான் ஒருத்தருக்கு 3.5, ஒருத்தருக்கு 3.25, ஒருத்தருக்கு 3-க்கும் கீழன்னு மெஷினுக்கு மெஷின் மாறுது.

இப்போ அந்த மீதி பாதி. 1995-லயே இன்டெல் பென்டியம் ப்ரோ ப்ராசஸர்ல பிசிக்கல் அட்ரஸ் எக்ஸ்டென்ஷன், சுருக்கமா பிஏஇன்னு ஒண்ணு கொண்டு வந்துட்டாங்க, அட்ரஸ 36 பிட்டா ஆக்கி 64 ஜிபி வரைக்கும் 32-பிட் சிஸ்டமே தொட வழி பண்ணது. லினக்ஸ்ங்கற இன்னொரு ஓஎஸ்ல பிஏஇ கெர்னல் (கெர்னல்னா ஓஎஸ்ஸோட மையப் பகுதி) போட்டா 32-பிட்லயே 4 ஜிபிக்கு மேல எடுத்துக்கும். அவ்ளோ ஏன், மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸ் 32-பிட்ல சர்வீஸ் பேக் 1 வந்தப்புறம் 64 ஜிபி வரைக்கும் விட்டாங்க. ஆக, முடியாதுன்னு இல்ல, வீட்டுல யூஸ் பண்ற வெர்ஷனுக்கு வேணாம்னு முடிவு பண்ணாங்க.

அந்த முடிவுக்கு அவங்க சொன்ன காரணம் எனக்கு நியாயமாதான் படுது. 2004-ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தப்போ வைரஸ் பாதுகாப்புக்காக டெப்னு ஒரு வசதி வச்சாங்க, டேட்டா இருக்கற எடத்துல கோட் ஓடக் கூடாதுங்கறதுதான் அதோட வேலை, அது ஹார்ட்வேர்ல வேலை செய்ய பிஏஇ ஆன்ல இருக்கணும். ஆனா அப்போ மார்க்கெட்ல இருந்த சவுண்ட் கார்டு, வீடியோ கார்டு டிரைவர் (அந்த கார்ட விண்டோஸோட பேச வைக்கிற ப்ரோகிராம்) நிறைய, அட்ரஸ் 4 ஜிபியத் தாண்டும்னு நெனச்சே எழுதாதவை, தாண்டினா சிஸ்டம் கிராஷ். அதனால பிஏஇ ஆன் பண்ணிட்டு மேல இருக்கற ரேம மட்டும் கண்டுக்காம விட்டுட்டாங்க. சர்வர்ல டிரைவர் எல்லாம் டெஸ்ட் பண்ணிதான் போடுவாங்கங்கறதால அங்க விட்டாங்க. 2004-ல வீட்டு கம்ப்யூட்டர்ல 512 எம்பி இருந்தாலே பெரிய விஷயம், யாருக்கும் வலிக்கல.

எனக்குக் கோவம் வர்றது அதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான். விண்டோஸ் 8-லேர்ந்து பிஏஇ இல்லாத ப்ராசஸர்ல இன்ஸ்டாலே ஆகாது. அதாவது 2015-ல வந்த விண்டோஸ் 10 32-பிட் எந்நேரமும் பிஏஇ-லதான் ஓடுது, இருந்தும் 4 ஜிபி தடுப்பு அப்படியே இருக்கு. சரி, தடுப்பு இருக்கட்டும், ஆனா அபவுட் பக்கத்துல "இந்த 32-பிட் வெர்ஷன் 4 ஜிபிக்கு மேல எடுக்காது, உங்க ப்ராசஸர் 64-பிட் தாங்கும், மாத்திக்கோங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தா எத்தன பேர் பணம் மிச்சமாயிருக்கும்? யூசபிள்னு ஒரு நம்பர மட்டும் அடைப்புக்குள்ள போட்டு விட்டா கடைக்காரரே குழம்புறாரு.

எடிஷன் வச்சு போட்ட லிமிட் வேற கதை, அதுக்கு டிரைவர் காரணம் எல்லாம் கிடையாது, முழுக்க வியாபாரம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல 2 ஜிபிதான். 64-பிட்ல ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16 ஜிபி, ப்ரொஃபஷனலும் அல்டிமேட்டும் 192 ஜிபி. அப்போ ஹோம் பிரீமியத்துல 32 ஜிபி போட்டு வீடியோ எடிட்டிங் பண்ணலாம்னு நெனச்சவங்க கதி என்ன? விண்டோஸ் 10, 11-ல ஹோமுக்கு 128 ஜிபி, ப்ரோவுக்கு 2 டிபி, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒரு லிமிட்டே இல்ல, இந்த ஒரு விஷயத்துல அவங்களப் பாராட்டணும்.

32-பிட்டுக்கு நான் அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் தரேன், 2 ஜிபி ரேம் மட்டும் இருக்கற மெஷின்ல அது 64-பிட்ட விட கொஞ்சம் லேசா இருக்கும்ங்கறதுக்காக அந்த ரெண்டு. 64-பிட்டுக்கு நாலு. 64-பிட்லயும் 8-க்கு 7.8, 7.9ன்னு காட்டும், அது உள்ள இருக்கற கிராஃபிக்ஸ் எடுத்துக்கிட்டது, பயப்பட வேணாம். எக்செல் 2016 மாதிரி சில 32-பிட் ப்ரோகிராம் கூட 64-பிட் விண்டோஸ்ல 4 ஜிபி வரைக்கும் எடுத்துக்கும், 32-பிட் விண்டோஸ்ல சாதாரணமா 2 ஜிபியோட நின்னுடும்.

மாத்தணும்னா மொதல்ல அபவுட் பக்கத்துல சிஸ்டம் டைப் பாருங்க. 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர்னு இருந்தா மாத்தலாம். அப்டேட் மாதிரி மேலோட்டமா பண்ண முடியாது, டிரைவ ஃபார்மட் பண்ணி புதுசா போடணும், அதனால ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாம் வெளிய எடுத்து வச்சுக்கோங்க. புதுசா லைசன்ஸ் வாங்கணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அதே எடிஷனா இருந்தா உங்க கீயே ரெண்டுக்கும் ஆகும். இன்டர்நெட்ல கெர்னல் ஃபைல மாத்தி 4 ஜிபி தடுப்ப ஒடைக்கிற பேட்ச் எல்லாம் சுத்துது, பேங்க் வேலை பாக்கற மெஷின்ல யாரோ திருத்தின கெர்னல ஓட விடாதீங்க, ப்ளீஸ். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட்டே 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11-ல 32-பிட் கிடையவே கிடையாது, அதனால மாத்தறப்போவே மெஷின் தாங்குமான்னு பார்த்து 11 இல்லன்னா ஏதாவது லினக்ஸ் பக்கம் போயிடுங்க.

64-பிட் போட்டும் ரேம் கம்மியா காட்டினா ரெண்டு எடம் பாருங்க. ஒண்ணு, எம்எஸ்கான்ஃபிக் ஓபன் பண்ணி பூட் டேப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனா மேக்ஸிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கும், அது விழுந்திருந்தா எடுத்து விடுங்க. வேகம் கூடும்னு சொல்லி அத டிக் பண்ண வைக்கிற வீடியோ நிறைய வருது, அது ரேம கூட்டறதுக்கு இல்ல, கொறைக்கறதுக்கு. இன்னொண்ணு பயாஸ்ல மெமரி ரீமேப்னு இருக்கும், ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க. இதுக்கும் மேல, இன்டெல் 945 சிப்செட் இருக்கற பழைய கோர் 2 டுவோ லேப்டாப்னா எந்த ஓஎஸ் போட்டாலும் 3.2, 3.3 ஜிபியோட நின்னுடும், அங்க தடுப்பு சிப்லயே இருக்கு, அந்த மெஷினுக்கு ரேம் வாங்காதீங்க.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் 32-பிட்லயே இருங்கன்னு சொல்லுவேன். ஃபாக்ஸ்ப்ரோ டாஸ்ல எழுதின பில்லிங், பழைய 16-பிட் கணக்கு சாஃப்ட்வேர்னு வச்சு கடை நடத்தறவங்க. அதெல்லாம் 64-பிட் விண்டோஸ்ல நேரா ஓடாது, பழைய டாங்கிளுக்கும் (சாஃப்ட்வேர் ஓட சாவி மாதிரி சொருகற சாதனம்) பிரிண்டருக்கும் 64-பிட் டிரைவர் கிடைக்காமலும் போகலாம். அவங்க அந்த மெஷின நெட்ல கனெக்ட் பண்ணாம பில்லுக்கு மட்டும் வச்சுக்கட்டும், ரேமுக்கு எடுத்து வச்ச காசுல ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டா மெமரி நெறஞ்சாலும் அவ்ளோ இழுக்காது.