ஒரே ஒரு எர்த்குவேக்: யாருக்குக் கொடுப்பது?

போகிமொன் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டும் 2004இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தவை. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்னோடு விளையாடுகிறவர்கள் இன்னும் அதிகம் பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான். இவற்றுக்கு இணையம் வேண்டாம். மழை பிடித்துக்கொண்டு, மலை மறைவில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லாத நாளிலும் ஓடும். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும்: "எர்த்குவேக்கை யாருக்குக் குடுத்தே?"

புதுக் கேம்களில் தொடங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. ஃபயர்ரெட்டில் 50 டிஎம்கள், அதாவது போகிமொனுக்கு வித்தை சொல்லித்தரும் பொருள்கள், உண்டு. ஒரு டிஎம்மைப் போட்டு ஒரு போகிமொனுக்கு ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தால் அந்த டிஎம் அதோடு தீர்ந்தது. சில டிஎம்களைக் கடையில் திரும்ப வாங்கலாம். சிலது கேம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. எர்த்குவேக் என்ற தரை வகை வித்தையின் டிஎம் அப்படி ஒன்று. எட்டாவது ஜிம்மான விரிடியன் ஜிம்மில் அதன் தலைவன் ஜியோவானியை வென்றால் கிடைக்கும். வேறு எங்கும் கிடைக்காது. மனோசக்தி வித்தையான சைக்கிக்கும் அப்படித்தான்; சாஃப்ரன் நகரத்தில் ஒரு வீட்டில் ஒரே ஒரு தடவை தருவார்கள்.

இதில் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு கட்சி, கிடைத்த இடத்திலேயே கொடுத்துவிடும். மற்றக் கட்சி, 'கடைசி டீம் முடிவாகட்டும்' என்று எல்லாவற்றையும் டிஎம் கேஸில் பூட்டி வைத்திருக்கும். முதல் கட்சி ராட்டிகேட்டுக்கும் பிட்ஜியோட்டுக்கும் கொடுத்துவிட்டு, அந்தப் போகிமொனைப் பெட்டியில் போடும்போது வித்தையையும் சேர்த்து இழக்கிறது. இரண்டாம் கட்சி பை நிறைய டிஎம்மோடு கடைசிக் கட்டமான லீக்கை முடிக்கிறது. அந்த வித்தைகள் ஒரு சண்டையைக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. டிஎம்மின் பலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது திரும்பக் கிடைக்குமா? இந்தப் போகிமொனுக்கு இந்த வித்தைக்கு வேறு வழி இருக்கிறதா?

எர்த்குவேக்கையே எடுப்போம். பலம் 100, குறி தவறாது. இதற்குப் போட்டி போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேர்: நிடோகிங், ஸ்நோர்லக்ஸ், சாரிஸார்ட். டக்ட்ரியோவையும் கோலத்தையும் ஆரம்பத்திலேயே தள்ளிவிடலாம். டக்ட்ரியோ 51ஆம் லெவலில் தானாகவே எர்த்குவேக் கற்றுக்கொள்ளும், கிராவலரும் கோலமும் 45இல். அவற்றுக்கு இந்த டிஎம்மைக் கொடுப்பது சுத்த வீண்.

சாரிஸார்டுக்குக் கொடுக்கச் சொல்பவர்கள் பொதுவாகச் சின்னப் பிள்ளைகள். "அண்ணே, சாரிஸார்டை கல்லு வகைதானே அடிச்சுப் போடுது, அதுக்குப் பதிலடி வேணாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எண்களைப் பாருங்கள். சாரிஸார்டின் அடிப்படைத் தாக்குதல் 84, சிறப்புத் தாக்குதல் 109. எர்த்குவேக் சாதாரணத் தாக்குதலைக் கொண்டு அடிக்கிற வித்தை. அதாவது சாரிஸார்டின் பலவீனமான கையால் அடிக்கிறோம். அது சாரிஸார்டின் சொந்த வகை இல்லை என்பதால், சொந்த வகை வித்தைக்குக் கிடைக்கிற ஒன்றரை மடங்கு பலமும் கிடைக்காது. தீ வித்தையான ஃபிளேம்த்ரோவரோ அதற்கு 34ஆம் லெவலில் காசில்லாமல் வருகிறது. தன் வேலையைச் செய்ய அதற்கு அது போதும்.

உண்மையான போட்டி நிடோகிங்குக்கும் ஸ்நோர்லக்ஸுக்கும்தான். தாக்குதலில் ஸ்நோர்லக்ஸ் 110, நிடோகிங் 92. இதை மட்டும் பார்த்தால் ஸ்நோர்லக்ஸ் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் நிடோகிங் தரை வகை. அதன் கையில் எர்த்குவேக்கின் பலம் 150 ஆகிவிடும். மேலோட்டமாகப் பெருக்கினால் நிடோகிங்குக்கு 13,800, ஸ்நோர்லக்ஸுக்கு 11,000. வேகத்தையும் பாருங்கள்: நிடோகிங் 85, ஸ்நோர்லக்ஸ் 30. ஸ்நோர்லக்ஸ் அடி வாங்கிவிட்டுத்தான் அடிக்கும்.

ஸ்நோர்லக்ஸ் கட்சிக்காரர்களும் சும்மா பேசவில்லை. அதன் உயிர்ப்புள்ளி 160. அடி வாங்கிக்கொண்டு நிற்கும். அதன் பாடி ஸ்லாம் வித்தையும் எர்த்குவேக்கும் சேர்ந்தால் பாடி ஸ்லாமுக்கு அசையாத கல், இரும்பு வகைகளை எர்த்குவேக் பார்த்துக்கொள்ளும். நல்ல ஜோடி. ஆனால் அதற்கு அதைவிட நல்ல துணை ஒன்று விலைக்குக் கிடைக்கிறது: பேய் வகை வித்தையான ஷேடோ பால். இந்தத் தலைமுறைக் கேம்களில் ஒரு வித்தை சாதாரணமா, சிறப்பா என்பதை அதன் வகைதான் தீர்மானிக்கும். பேய் வகை முழுவதும் சாதாரணத் தாக்குதல். அதனால் ஷேடோ பால் கெங்கரின் கையில் தடுமாறும், ஸ்நோர்லக்ஸின் கையில் விளாசும். பாடி ஸ்லாமால் தொடவே முடியாத பேய்களை இது நேராக அடிக்கும். ஸ்நோர்லக்ஸுக்கு மாற்று இருக்கிறது, நிடோகிங்குக்கு இல்லை. அது லெவல் ஏறி எர்த்குவேக் கற்காது. எர்த்குவேக் நிடோகிங்குக்குத்தான்.

அதுவரை நிடோகிங் என்ன செய்யும்? டிக் என்ற தரை வித்தை இருக்கிறது. செருலியன் நகரத்திலேயே கிடைக்கும் டிஎம் 28. பலம் 60தான், அடித்து முடிக்க இரண்டு சுற்று எடுத்துக்கொள்ளும். ஆனாலும் ஜியோவானி வரைக்கும் தாராளமாகத் தாங்கும். இதை யோசிக்காமல் கொடுக்கலாம், ஏனென்றால் செலடோன் கடையில் திரும்ப விற்கிறார்கள். எர்த்குவேக் வந்ததும் டிக்கை மறக்கவைத்து அதன் மேல் எழுதிவிடலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. லெவல் ஏறிக் கற்ற வித்தையை மறந்துவிட்டால், டூ ஐலண்டில் இருக்கிற ஆளிடம் பெரிய காளான் ஒன்றோ சின்னக் காளான் இரண்டோ கொடுத்துத் திரும்ப வாங்கலாம். டிஎம்மால் கற்றதை அவர் திரும்பத் தரமாட்டார். எர்த்குவேக்கின் மேல் வேறொன்றை எழுதினால் போனது போனதுதான். அதனால் லெவலில் வந்ததைத் துணிந்து அழிக்கலாம். ஒற்றை டிஎம்மில் வந்ததில் கை வைக்கும் முன் நிதானம் வேண்டும்.

இவ்வளவு பேசிவிட்டேன், ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்வதென்றால், லீக்கை முதல் முறை ஜெயிக்க எர்த்குவேக்கைவிட அரிய சரக்கு சைக்கிக். லீக்கில் எதிர்கொள்ளும் எலைட் ஃபோர் நால்வரிடமும் (ப்ரூனோ, அகதா, லான்ஸ் உட்பட) மொத்தம் 20 போகிமொன். அதில் 7இன் மேல் எர்த்குவேக் விழவே விழாது. அகதாவின் இரண்டு கெங்கரும் ஹான்டரும் மிதக்கின்றன, கோல்பாட் பறக்கிறது. லான்ஸின் கியாரடோஸ், ஏரோடாக்டைல், டிராகொனைட் மூன்றும் பறப்பவை. எர்த்குவேக் இரட்டிப்பாக விழுவது ப்ரூனோவின் இரண்டு ஓனிக்ஸிலும் அகதாவின் ஆர்பாக்கிலும் மட்டும். சைக்கிக்கோ 8 பேரை இரட்டிப்பாக அடிக்கும்: ப்ரூனோவின் சண்டைக்காரர் மூவர், அகதாவின் ஐவர். அகதாவின் டீம் முழுக்க நஞ்சு வகை. பேய்க்கிழவி என்று எல்லோரும் பயப்படுகிற இடத்தை ஒரே வித்தை காலி செய்யும்.

சைக்கிக் எங்கே கிடைக்கிறது என்பதும் நம் ஆட்களுக்குப் பிடிக்க வேண்டிய விஷயம். சாஃப்ரன் நகரத்துக் காவலர்கள் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். செலடோனில் ஒரு பாட்டி தரும் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வழி திறக்கும். சுற்றிலும் தேயிலை மலையாக இருக்கிற ஊரில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருக்கும்.

சரி, சைக்கிக் யாருக்கு? மனோசக்தி வகையான கடாப்ராவுக்கு வேண்டாம், 36ஆம் லெவலில் தானாகவே வரும். இங்கே நம் ஊர் நிலைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடாப்ரா அலக்கஸாம் ஆக வேண்டுமென்றால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு கருவியும் ஒரு இணைப்பு கேபிளும் வேண்டும். தோட்டப் பக்கம் தனியாக விளையாடுகிறவருக்கு அது கனவு. ஆனால் கவலைப்படத் தேவையில்லை. கடாப்ராவுக்கே சிறப்புத் தாக்குதல் 120, வேகம் 105. உடம்பு மட்டும் மெலிவு. தனி ஆட்டக்காரருக்குக் கடாப்ரா ஒன்று இருந்தால் சைக்கிக் டிஎம் மிச்சம்.

மிச்சமான டிஎம்முக்கு லீஃப்கிரீனில் ஸ்டார்மி, ஃபயர்ரெட்டில் எக்செகியூட்டர். ஸ்டார்மியாக மாறுகிற ஸ்டார்யு ஃபயர்ரெட்டில் பிடிக்கக் கிடைக்காது. எக்செகியூட்டரின் சிறப்புத் தாக்குதல் 125, ஸ்டார்மியினது 100. ஆனால் ஸ்டார்மியின் வேகம் 115, எக்செகியூட்டருடையது 55. அதைவிட முக்கியம், எக்செகியூட்டர் புல் வகையும் என்பதால் நஞ்சு அதை வாட்டும். அகதாவுக்கு முன்னால் நிறுத்த நல்ல ஆள் இல்லை. ஸ்டார்மிக்கு எச்எம்மில் வரும் சர்ஃப் வேறு இருக்கிறது: பலம் 95, தீராது, எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். லீஃப்கிரீன் வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம். ஃபயர்ரெட்காரர் கடாப்ராவை வளர்த்துவிட்டு டிஎம்மை நிதானமாக வைத்திருக்கட்டும்.

அப்புறம் காசு. செலடோனில் கேம் கார்னர் என்ற விளையாட்டுக் கூடத்தில் ஐஸ் பீம், தண்டர்போல்ட், ஃபிளேம்த்ரோவர் மூன்றும் 4,000 காசு, ஷேடோ பால் 4,500. 50 காசு 1,000 பணம். ஆகவே ஒரு ஐஸ் பீமின் விலை 80,000, ஷேடோ பாலின் விலை 90,000. இவை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அதனால் 'வீணாகிவிடுமோ' என்ற பயம் தேவையில்லை. எதை முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி. லான்ஸை நினைத்து ஐஸ் பீமைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். டிராகொனைட்டுக்கு அது நான்கு மடங்கு, மறுக்கவில்லை. ஆனால் சில்ஃப் கட்டிடத்தில் லாப்ரஸ் 25ஆம் லெவலில் இலவசமாகக் கிடைக்கிறது. 31இல் அதுவே ஐஸ் பீம் கற்கிறது. இலவசமாக வருவதற்கு 80,000 ஏன்?

தண்டர்போல்டிலும் இதே கணக்குதான். விரிடியன் காட்டில் பிடிக்கிற பிகாச்சு 26ஆம் லெவலில் அதைக் கற்கும். அதற்குப் பிறகு தண்டர் ஸ்டோன் கொடுத்து ரைச்சு ஆக்கினால் போதும். ஜோல்டியான் ரைச்சுவைவிடத் தெளிவாகப் பலசாலிதான்: சிறப்புத் தாக்குதல் 110க்கு எதிராக 90, வேகம் 130க்கு எதிராக 100. ஆனால் ஜோல்டியானுக்குத் தண்டர்போல்ட் காசு கொடுத்தால்தான் வரும். கையில் பணம் குறைவாக இருக்கிற முதல் ஆட்டத்தில் ரைச்சுவே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தில் என் முதல் கொள்முதல் ஸ்நோர்லக்ஸுக்கு ஷேடோ பால், அடுத்தது நிடோகிங்குக்கு ஐஸ் பீம். பணம் சேர்க்க அமுலெட் காயின் உதவும். 40 வகை போகிமொன் பிடித்தவருக்குப் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் தருவார், ஜெயிக்கிற பணம் இரட்டிப்பாகும்.

வித்தை சொல்லித்தரும் ஆட்களையும் மறக்கக் கூடாது. டிஎம் மாதிரியேதான் அவர்களும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை. ராக் டனலில் ராக் ஸ்லைட், சில்ஃபில் தண்டர் வேவ். தண்டர் வேவை பிகாச்சு தானாகவே கற்கும், அதனால் அந்த ஆளைக் கடாப்ராவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேபிளும் நண்பனும் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தக் கேம்களில் போகிமொனின் கையில் டிஎம்மைக் கொடுத்து மாற்றி அனுப்பலாம். நண்பன் புதிதாகத் தொடங்கி எட்டாவது ஜிம் வரை வந்து அவன் எர்த்குவேக்கை உங்களுக்கு அனுப்பினால் உங்களிடம் இரண்டு. அவ்வளவு நேரத்தை ஒருவன் உங்களுக்காகச் செலவழிக்கிறான் என்றால் அது பெரிய மனது. பண்டாரவளையில் அப்படி மாற்றிக்கொண்ட அண்ணன் தம்பி இருவரை எனக்குத் தெரியும்.

2010இல் வந்த பிளாக், வைட் கேம்கள் இந்தத் தலைவலியையே எடுத்துவிட்டன; டிஎம் தீராது என்றாகிவிட்டது. 2019இன் ஸ்வோர்ட், ஷீல்ட் பாதிக்குத் திரும்பின: தீராத டிஎம் ஒரு பக்கம், ஒரு முறை மட்டும் பயன்படும் டிஆர் ஒரு பக்கம். 2022இன் ஸ்கார்லெட், வயலெட்டில் ஒரு முறைதான், ஆனால் பொருள் சேர்த்து எத்தனை தடவையும் செய்துகொள்ளலாம். மூன்றிலும் எனக்குக் கடைசி முறைதான் நியாயமாகப் படுகிறது. உழைத்தால் கிடைக்கும், உழைக்கவும் வேண்டும். பிளாக், வைட் முறை வசதிதான், ஆனால் அதில் யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு பேர் தேநீர் ஆறும்வரை வாதாட ஒன்றும் மிஞ்சவில்லை.

ஃபயர்ரெட்டில் லீக்கை முடித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஃபைவ் ஐலண்டில் ராக்கெட் என்ற வில்லன் கூட்டத்தின் கிடங்கில் ஸ்லட்ஜ் பாம் டிஎம் இருக்கிறது. பலம் 90, நஞ்சு வகை, அதனால் சாதாரணத் தாக்குதல். வைல்ப்ளூம், மக் எல்லாம் வரிசையில் நிற்கும். எர்த்குவேக்கை நிடோகிங்குக்குக் கொடுத்தவர்கள் இதையும் அதற்கே கொடுங்கள். தரையும் நஞ்சும் இரண்டும் அதன் சொந்த வகை. எர்த்குவேக்குக்கு அசையாத புல் வகைகளை இது முடித்துவிடும்.