பூட்டிக் கிடக்கும் பனிமலை வீட்டுக்குத் தானாக மூடும் தண்ணீர் வால்வு: வாங்கலாமா?

பனிச்சறுக்கு மலையில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் சறுக்குப் பலகைக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழையும் தண்ணீர்க் குழாயில் பொருத்தும் மோட்டார் வால்வு அது. கசிவு தெரிந்தால் தானாக மூடிக்கொள்ளும். மோயன் நிறுவனத்தின் ஃப்ளோ, ஃபின் நிறுவனத்தின் ஃபின் பிளஸ் இரண்டும் இந்த வகைதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் தானாக மூடுவதை நம்பி வாங்கக் கூடாது. கிளம்பும்போது நாமே மூட வசதியாக இருக்கிறது என்று வாங்க வேண்டும்.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு விரியும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் கட்டி உறைந்த இடத்தில் அல்ல. அந்தக் கட்டிக்கும் மூடிய பைப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, அங்கே வெடிக்கும். வெடித்த அன்று ஒரு சொட்டும் வராது, கட்டியே அடைப்பாக நிற்கும். குளிர் குறைந்து கட்டி உருகும்போதுதான் கொட்டத் தொடங்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். வார இறுதிக்கு மட்டும் ஆள் வரும் வீட்டில் ஐந்து நாள் கொட்டினால் கீழ்த்தளம் தாங்காது. வால்வு மூடியிருந்தால் குழாயில் மிச்சமிருந்த சில வாளித் தண்ணீரோடு போய்விடும்.

வால்வு உறைவதைத் தடுக்காது என்பதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. வெளியே −7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் காப்புறை இல்லாத குழாய் உறையலாம் என்பது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வு மன்றம் சோதித்துச் சொன்ன அளவு. பனிச்சறுக்கு ஊரில் அது சாதாரண இரவு. அதனால் ஆளில்லாத நாளிலும் வீட்டுக்குள் 13 டிகிரிக்குக் குறையாமல் ஹீட்டிங் ஓட வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க் அலமாரிக் கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

பொருத்தும் இடம் முக்கியம். பிரதான வால்வுக்கும் அழுத்தக் குறைப்பானுக்கும் அடுத்து, குழாய் கிளை பிரியும் முன், கதகதப்பான அறைக்குள் பொருத்த வேண்டும். வால்வில் உள்ள அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தீயணைப்புத் தெளிப்பான் குழாய் இருந்தால் அது கட்டாயம் வால்வுக்கு முன்பே பிரிந்துவிட வேண்டும். தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிடும் பாய்லர் வீட்டில் இன்னொரு சிக்கல்: பாய்லருக்குத் தானாக நீர் நிரப்பும் குழாயும் இந்த வால்வுக்குப் பின்னால் இருந்தால், வால்வு மூடியதும் நிரப்ப நீர் வராது. அழுத்தம் குறைந்து பாய்லர் நின்றால் வீடே உறையும். பிளம்பரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கடின நீரை மென்னீராக்கும் கருவி இருந்தால், அது நள்ளிரவில் தன்னைக் கழுவிக்கொள்ளும் நேரத்தையும் வால்வின் செயலியில் சொல்லிவைக்க வேண்டும்; இல்லையென்றால் வால்வு அதைக் கசிவு என்று நினைத்து மூடிவிடும்.

பெரிய பலவீனம் மின்சாரம். பனிப்புயலில் கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும், வால்வும் இருந்த நிலையிலேயே நிற்கும். திறந்திருந்தால் திறந்தபடிதான். வால்வுக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறு யூபிஎஸ் வையுங்கள். சிம் கார்டில் ஓடும் வெப்பநிலை எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தனியாக வையுங்கள். ‘கருவி தொடர்பில் இல்லை’ என்ற எச்சரிக்கையையும் இயக்கிவையுங்கள். செய்தி வராததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தரையில் வைக்கும் கசிவு சென்சார்களுக்கு ஆல்கலைன் பேட்டரி வேண்டாம், குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி போடுங்கள்.

கிளம்பும்போது இருபது நிமிட வேலை. தண்ணீர் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தொட்டி காலியாகி, நீரில்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பிச்சுருள் கருகும். பிறகு வால்வை மூடி, மேல்தளத்தில் ஒரு பைப்பையும் வீட்டின் ஆகத் தாழ்ந்த பைப்பையும் திறந்துவிடுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் வடியும். ஃபிளஷ் டேங்குகளையும் காலி செய்யுங்கள். சிங்க், ஷவர் வடிகால் வளைவுகளில் தலா கால் லிட்டர் முதல் அரை லிட்டர், கமோட்டில் ஒரு லிட்டர், புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத் திரவம் ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவும் எந்திரத்தின் பம்பிலும், குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தயாரிக்கும் மெல்லிய குழாயிலும் தண்ணீர் தங்கும். இவை இரண்டும்தான் அடிக்கடி மறந்துபோகும்.

வரும் முந்தின நாளே போனில் ஹீட்டிங்கை 20 டிகிரிக்கு ஏற்றலாம். கல் சுவர் வீடு சூடேற அரை நாளுக்கு மேலும் ஆகும். வால்வை மட்டும் தொலைவிலிருந்து திறக்காதீர்கள். வீட்டுக்குள் வந்து, பைப்புகளைத் திறந்துவைத்து, பிரதான வால்வை மூடிவிட்டு மோட்டார் வால்வைத் திறந்து, பிறகு பிரதான வால்வைக் கால்வாசி திறந்து காற்று வெளியேற விடுங்கள். பிறகு பைப்புகளை எல்லாம் மூடி, மீட்டர் முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஹீட்டர் தொட்டி நிறைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு மின்சாரம் கொடுக்கலாம். பூட்ஸைக் கழற்றுவதற்குள் வெந்நீர் தயாராகிவிடாது, ஆனால் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும்.