அல்காட்ராஸ் சுற்றுலா: 1918-ஐத் தேடிப் போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சிறைத் தீவான அல்காட்ராஸ் என்றதும் குற்றக் கும்பல் தலைவர் அல் கபோன்தான் நினைவுக்கு வருவார். ஆனால் 1934-இல் கூட்டாட்சிச் சிறையாக மாறும்வரை அது ராணுவச் சிறை. 1918-இல் அங்கே அடைபட்டவர்களில் நால்வர் தெற்கு டகோட்டாவின் ராக்போர்ட் குடியிருப்பைச் சேர்ந்த ஹட்டரைட்டுகள் (போரை ஏற்காத, கூட்டாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்): ஜோசப், மைக்கேல், டேவிட் என்ற ஹோஃபர் சகோதரர்கள் மூவரும் ஜேக்கப் விப்ஃபும். முதல் உலகப் போருக்கான கட்டாய ராணுவ அழைப்பில் பிடித்துப் போகப்பட்டவர்கள். ஆயுதம் மட்டுமல்ல, சீருடையும் வேண்டாம் என்றார்கள். 20 ஆண்டு தண்டனை.

இவர்களுக்காகப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் 33-ஆம் படகுத்துறையில் படகு ஏறி கால் மணி நேரத்தில் தீவு. பகல் டிக்கெட்டோடு வரும் முக்கால் மணி நேர ஒலிவழிகாட்டி அருமையான தயாரிப்புதான். பழைய காவலர்கள், கைதிகளின் குரலிலேயே ஓடுகிறது. ஆனால் அதன் கவனம் 1934–63 காலத்தில். தனிமைச் சிறைப் பகுதியான டி பிளாக்கின் இருட்டறைக்குள் நின்று "இங்கேதான் அவர்களை அடைத்தார்கள்" என்று நினைத்துவிடுவது எளிது. அது தவறு. டி பிளாக்கின் இன்றைய அமைப்பு 1940–41-இல் வந்தது.

ஹட்டரைட்டுகள் இருந்தது அதற்கும் கீழே. 1850-களில் கட்டிய கோட்டையின் மேல்தளங்களை இடித்துவிட்டு, அடித்தளத்தின்மேல் இன்றைய சிறைக் கட்டடத்தை எழுப்பினார்கள். 1912-இல் வேலை முடிந்தது. புதைந்து நின்ற அந்தப் பகுதிதான் பாதாளச் சிறை. நால்வரையும் உள்ளாடையோடு அங்கே இறக்கி, பக்கத்தில் ராணுவச் சீருடையை வைத்தார்கள். ஈரத் தரை, போர்வை கிடையாது. தலைக்கு மேலே கம்பியில் கைகளைப் பூட்டியதால் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது என்று அவர்கள் தரப்புப் பதிவு சொல்கிறது. குளிர் நடுக்கியெடுத்தும் அந்தச் சீருடையை யாரும் தொடவில்லை.

பொதுச் சுற்றில் அந்தக் கீழ்த்தளம் வராது. சிறு குழுவாக, பூட்டிய பகுதிகளுக்கு அழைத்துப்போகும் தனிச் சுற்று இருக்கிற நாளாகப் பாருங்கள். கூடுதல் காசுக்குத் தகும். எந்தப் பகுதி திறக்கும் என்பது அன்றைய நிலவரம், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. படகுத்துறையிலிருந்து சிறைவரை செங்குத்தான ஏற்றம், சுமார் 130 அடி. நடக்க முடியாதவர்களுக்குச் சிறு வண்டி உண்டு. ஆகஸ்டிலும் காற்று குளிரும். கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள்: இவர்கள் கதை தீவில் முடியவில்லை. போர் நவம்பர் 11-இல் நின்றது. அதன்பிறகே நால்வரையும் கான்சஸின் லெவன்வொர்த் கோட்டைச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நவம்பர் 29-இல் ஜோசப் இறந்தார், டிசம்பர் 2-இல் மைக்கேல். பார்க்க வந்த ஜோசப்பின் மனைவி மரியாவுக்குக் கிடைத்தது, உயிரோடு இருந்தவரை ஜோசப் உடுத்த மறுத்த சீருடையில் கிடந்த அவரது உடல். பெரும்பாலான ஹட்டரைட் குடியிருப்புகள் அதன்பின் கனடாவுக்குப் பெயர்ந்தன.